நேரம் நழுவும் சப்டைட்டில்களும் சிதையும் தமிழ் எழுத்துகளும்

நிழல்வரி (இழையைத் தொடங்கியவர்)

சப்டைட்டில் கோப்பு ஒன்று சரியாக ஓடவில்லை என்றால் பெரும்பாலானோர் அதை அழித்துவிட்டு இணையத்தில் இன்னொன்றைத் தேடத் தொடங்குகிறார்கள். கிடைக்கும் அடுத்த கோப்பிலும் அதே கோளாறு இருக்கலாம், அல்லது அதைவிடப் பெரியது இருக்கலாம். இந்த அலைச்சல் தேவையில்லை. கோப்பு எந்த வகையில் பழுதாகியிருக்கிறது என்பதைத் திரையில் தெரியும் அறிகுறியை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடித்த பிறகு திருத்துவது சில நிமிட வேலைதான். இதைப் பற்றி விரிவாகப் பேசவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

எஸ்ஆர்டி என்ற பின்னொட்டுடன் வரும் கோப்பை எந்த உரைத்தொகுப்பியிலும் திறந்து பாருங்கள். ஒரு வரிசை எண், அதன் கீழே தொடக்க நேரமும் முடிவு நேரமும், அதன் கீழே திரையில் தோன்ற வேண்டிய பேச்சு, பிறகு ஒரு வெற்று வரி. படம் முழுவதற்கும் இவ்வளவுதான். டிவிடியில் சப்டைட்டில்கள் எழுத்தாக இல்லாமல் படங்களாகவே பதிந்திருந்தன; அந்தப் படங்களிலிருந்து எழுத்துகளை உணர்ந்து எடுக்க உதவிய சப்ரிப் என்ற விண்டோஸ் நிரலிலிருந்துதான் இந்த வடிவம் பிறந்தது. நொடிக்கும் மில்லிநொடிக்கும் இடையே புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி நிற்பதற்குக் காரணம், அந்த நிரல் பிரான்சில் எழுதப்பட்டது என்பதுதான். பதின்மப் பின்னத்தை அங்கே காற்புள்ளியிட்டு எழுதுவார்கள். இணைய உலாவிகளுக்காக வகுக்கப்பட்ட வெப்விடிடி வடிவமோ புள்ளியைக் கேட்கிறது, முதல் வரியில் தன் பெயரையும் கேட்கிறது. பின்னொட்டை மட்டும் மாற்றிவிட்டு உலாவியில் ஏற்றினால் எதுவும் தெரியாமல் போவதற்கு இதுவே காரணம்.

எஸ்ஆர்டி வடிவத்தின் எளிமையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அந்த எளிமையில் இரண்டு தகவல்களுக்கு இடமே இல்லாமல் போயிற்று. இந்தக் கோப்பு எந்த வேகத்தில் ஓடும் படத்துக்காக எழுதப்பட்டது என்பதைச் சொல்ல அதில் வழியில்லை. எழுத்துகள் எந்தக் குறியாக்கத்தில், அதாவது எழுத்துகளை எண்களாக மாற்றும் எந்த முறையில், சேமிக்கப்பட்டுள்ளன என்பதைச் சொல்லவும் வழியில்லை. நாம் சந்திக்கும் கோளாறுகளில் பெரும்பகுதி இந்த இரண்டு இடைவெளிகளிலிருந்து வருவதுதான்.

முதலில் நேரத்தைப் பார்ப்போம். வசனம் ஒத்துவராதபோது உடனே எதையும் மாற்ற வேண்டாம். படத்தின் தொடக்கத்தில் ஓர் இடத்திலும், நடுவில் ஓர் இடத்திலும், முடிவுக்கு அருகில் ஓர் இடத்திலும் எத்தனை நொடி வேறுபாடு இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்று இடங்களிலும் ஒரே வேறுபாடு இருந்தால், உங்களிடமுள்ள படத்தின் தொடக்கமும் சப்டைட்டில் எழுதப்பட்ட பதிப்பின் தொடக்கமும்தான் வேறு. தயாரிப்பு நிறுவனத்தின் சின்னம் ஒன்று கூடுதலாகவோ குறைவாகவோ வந்திருக்கும். விஎல்சி பிளேயரில் ஜி, எச் என்ற இரு விசைகளும் ஒவ்வோர் அழுத்தத்துக்கும் 50 மில்லிநொடி முன்னும் பின்னும் நகர்த்தும், அதுவே போதும். வேறுபாடு சிறிதாகத் தொடங்கிச் சீராக வளர்ந்துகொண்டே போனால் கோளாறு வேகத்தில் இருக்கிறது. ஓர் இடம் வரை சரியாக இருந்துவிட்டுச் சட்டென்று தாவினால், படத்தில் ஒரு காட்சி சேர்க்கப்பட்டிருக்கிறது அல்லது வெட்டப்பட்டிருக்கிறது.

இரண்டாவது வகைதான் மக்களை மிகவும் குழப்புகிறது. பேசும் படம் வந்த 1920களின் இறுதியிலிருந்து திரைப்படம் நொடிக்கு 24 பிரேம்கள், அதாவது 24 தனித்தனிப் படங்கள், என்ற வேகத்தில் நிலைபெற்றது. அமெரிக்காவில் 1953இல் வண்ணத் தொலைக்காட்சிக்கான தரத்தை வகுத்தபோது நொடிக்கு 30 என்றிருந்த வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்து 29.97 ஆக்கினார்கள், அதனோடு இசைய 24 என்பதும் 23.976 ஆயிற்று. ஐரோப்பாவின் பால் முறைத் தொலைக்காட்சியோ நொடிக்கு 25 பிரேம்களைக் கேட்டது. அங்கே திரைப்படத்தை ஏறத்தாழ 4 விழுக்காடு விரைவாக ஓட்டிவிட்டார்கள், அதனால் குரல்களின் சுருதிகூடச் சற்று உயர்ந்தது. ஆகவே ஒரே படம் மூன்று வேகங்களில் உலவுகிறது.

கணக்கு எளியது. 23.976 வேகத்தில் சரியாக ஒரு மணி நேரத்தில் வரும் வசனம், 25 வேகப் பதிப்பில் 57 நிமிடம் 32.5 நொடியில் வந்துவிடும். எனவே மணிக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிட நழுவல் தெரிந்தால் 25க்கும் 23.976க்கும் இடையிலான வேறுபாடு என்று கொள்ளலாம். மணிக்கு 3.6 நொடி மட்டுமே நழுவினால் அது 24க்கும் 23.976க்கும் உள்ள வேறுபாடு. பின்னது படத்தின் முதல் சில நிமிடங்களில் கண்ணுக்கே படாது. பார்ப்பவருக்கு ஏதோ உறுத்தும், என்னவென்று தெரியாது.

பனித்திரை

நண்பர் நிழல்வரிக்கு நன்றி. தாங்கள் சொன்னபடி மூன்று இடங்களில் குறித்துப் பார்த்தேன். என்னிடமுள்ள கோப்பில் தொடக்கத்தில் 2 நொடி வேறுபாடும் முடிவில் அதைவிடப் பல மடங்கு வேறுபாடும் இருக்கின்றன. இரண்டு கோளாறுகளும் கலந்திருப்பதாகத் தோன்றுகிறது. எதை முதலில் திருத்துவது? இதைக் கையாலேயே செய்ய வேண்டுமா, அல்லது ஒலியைக் கேட்டுத் தானே பொருத்தும் நிரல்களை நம்பலாமா?

நிழல்வரி

இரண்டையும் ஒரே முயற்சியில் திருத்திவிடலாம். சப்டைட்டில் எடிட் போன்ற திறமூல நிரல்களில் இரு புள்ளிகளைக் கொண்டு பொருத்தும் வசதி உண்டு. படத்தின் முதல் வசனம் உண்மையில் எந்த நேரத்தில் பேசப்படுகிறது, கடைசி வசனம் எந்த நேரத்தில் பேசப்படுகிறது என்று இரண்டை மட்டும் சொன்னால், இடையிலுள்ள எல்லா வரிகளையும் அந்த இரண்டுக்கும் ஏற்ற விகிதத்தில் அது நகர்த்திவிடும். தொடக்க வேறுபாடும் வேக வேறுபாடும் சேர்ந்தே தீர்ந்துவிடும். ஒரே ஒரு கவனம் வேண்டும்: தெளிவாக உதடு அசையும் வசனங்களையே தேர்ந்தெடுங்கள். பின்னணியில் கேட்கும் அறிவிப்போ பாடலின் முதல் அடியோ பயன்படாது. அவற்றைச் சிலர் வசனமாகச் சேர்த்திருப்பார்கள், சிலர் விட்டிருப்பார்கள்.

தானே பொருத்தும் நிரல்களில் எஃப்எஃப்சப்சிங்க், அலாஸ் ஆகிய இரண்டும் நன்றாக வேலை செய்கின்றன. அவை சொற்களைப் புரிந்துகொள்வதில்லை. ஒலியில் எங்கே பேச்சு இருக்கிறது, எங்கே இல்லை என்று மட்டும் கண்டு, சப்டைட்டிலில் எழுத்துள்ள நேரங்களையும் இல்லாத நேரங்களையும் அதன்மீது வைத்துப் பொருத்திப் பார்க்கின்றன. அதனால்தான் வேறு மொழிச் சப்டைட்டிலாக இருந்தாலும் பொருந்துகிறது. காட்சி வெட்டப்பட்ட மூன்றாவது வகைக் கோளாற்றுக்கு அலாஸ் கூடுதலாக உதவும், ஏனெனில் அது கோப்பை எங்கே பிரித்து நகர்த்த வேண்டும் என்பதையும் கண்டுபிடிக்க முயல்கிறது. இருந்தாலும் முடிவை நம்பிவிடாமல் மூன்று இடங்களில் மீண்டும் சரிபார்த்தே தீர வேண்டும்.

குறியன்

நேரத்தைப் பற்றி எல்லாம் சொல்லப்பட்டுவிட்டது. எழுத்துச் சிதைவைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனெனில் தமிழ்ச் சப்டைட்டில்களில் இதுவே பெரிய தலைவலி. இங்கும் அறிகுறியைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம்.

திரையில் தலையில் சாய்கோடு தாங்கிய சிறிய இலத்தீன் ஏ எழுத்தும், அதை அடுத்து வட்டத்துக்குள் ஆர் எழுத்து நிற்கும் பதிவுபெற்ற வணிகக்குறியும் திரும்பத் திரும்ப வந்தால் மகிழ்ச்சியடையுங்கள். தரவு முழுமையாக இருக்கிறது. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள் தேவைப்படுகின்றன. யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட 128 இடங்களும் ஒரே தொகுதியில் இருப்பதால் முதல் பைட் எப்போதும் ஒன்றே, இரண்டாவது பைட்டும் இரண்டில் ஒன்றுதான். மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய குறியாக்கம் என்று நினைத்துப் பிளேயர் அதை வாசிக்கும்போது அந்த முதல் பைட் சாய்கோட்டு ஏ ஆகவும், இரண்டாவது பெரும்பாலும் வணிகக்குறியாகவும் தோன்றுகின்றன. பிளேயரின் அமைப்பில் சப்டைட்டில் குறியாக்கத்தை யூடிஎஃப்-8 என்று மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும்.

அதற்கு மாறாகத் திரை முழுவதும் கேள்விக்குறிகள் வந்தால், கோப்பையே ஒருமுறை உரைத்தொகுப்பியில் திறந்து பாருங்கள். அங்கும் கேள்விக்குறிகளே இருந்தால் இனி மீட்க முடியாது. தமிழை அறியாத ஒரு குறியாக்கத்தில் யாரோ அதைச் சேமித்துவிட்டார்கள். தனக்குத் தெரியாத ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக நிரல் கேள்விக்குறியை எழுதி, மூலத்தைத் தூக்கியெறிந்துவிட்டது. இந்த ஓர் அறிகுறிக்கு மட்டும்தான் வேறு கோப்பைத் தேட வேண்டும்.

எழுத்துகளுக்குப் பதிலாக வெற்றுக் கட்டங்கள் வந்தால் கோப்பில் எந்தக் குறையும் இல்லை. அந்தக் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. உயிர்மெய்க் குறிகள் புள்ளிகளாலான ஒரு வட்டத்தின்மீது தனித்து நின்றால், மெய்யெழுத்துக்கு முன்பே குறி தட்டச்சாகியிருக்கிறது. பழைய எழுத்துருக்களில் கொம்பை முதலில் தட்டி, எழுத்தைப் பிறகு தட்டும் பழக்கம் இருந்தது. யூனிகோடில் வரிசை ஒலிப்புமுறைப்படி அமைந்தது: க முதலில் வரும், எகரக் குறி பின்னால் வரும், அதைக் கண்ணுக்கு இடப்புறத்தில் காட்டுவது எழுத்துகளைத் திரையில் வரையும் நிரலின் பொறுப்பு.

இன்னொரு வகை, அரைப்புள்ளிகள் நிறைந்த, பொருளற்ற ஆங்கில எழுத்துகள். அது பாமினி போன்ற பழைய எழுத்துருவுக்காகத் தட்டச்சு செய்யப்பட்ட கோப்பு. அந்த விசைப்பலகை அமைப்பில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையில் இருந்ததால்தான் அத்தனை அரைப்புள்ளிகள். இணையத்திலுள்ள எழுத்துரு மாற்றிகள் இதை யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிடும். ஆனால் நேரக்குறிப்புகளையும் சேர்த்து மாற்றியில் கொடுத்துவிடாதீர்கள். அவற்றிலுள்ள காற்புள்ளியும் அம்புக்குறியும்கூட எழுத்தாக மாறிவிடக்கூடும்.

எந்த வழியில் திருத்தினாலும் இறுதியில் யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த இந்தக் குறியாக்கம் இன்று ஏறத்தாழ எல்லா நிரல்களுக்கும் தாய்மொழி போல. வெப்விடிடி வடிவத்தில் இது கட்டாயமாகவே ஆக்கப்பட்டுள்ளது. அந்த விதி எஸ்ஆர்டிக்கும் இருந்திருந்தால் எத்தனை பேரின் எத்தனை மாலைகள் மிஞ்சியிருக்கும்!

மொழிவாணி

நான் பிறமொழிப் படங்களுக்குத் தமிழ்ச் சப்டைட்டில் எழுதி வருகிறேன். குறியன் அவர்கள் சொன்னதில் விட்டுப்போன ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். "மௌனம்" என்ற சொல்லில் ஔகாரக் குறியைத் தட்டுவதற்குப் பதிலாக எகரக் குறியையும் ளகரத்தையும் தட்டிவிடுகிறவர்கள் பலர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும், ஆனால் தேடும்போது ஒன்றைத் தேடினால் மற்றொன்று கிடைக்காது. சொற்பிழை திருத்தியும் தடுமாறும். நூற்றுக்கணக்கான வரிகளில் ஒரு பெயரை ஒரே மாதிரி மாற்ற வேண்டியிருக்கும்போதுதான் இதன் தொல்லை விளங்கும்.

இனி என் கேள்விக்கு வருகிறேன். சப்டைட்டில் நிரல்கள் வாசிப்பு வேகத்தை நொடிக்கு இத்தனை எழுத்து என்று கணக்கிட்டு, மிகுந்துவிட்டால் வரியைச் சிவப்பாகக் காட்டுகின்றன. ஒரு வரிக்கு 42 எழுத்து, ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் இல்லை, ஒரு சப்டைட்டில் 7 நொடிக்கு மேல் நிற்கக்கூடாது என்ற விதிகளை நெட்ஃபிளிக்ஸ் தன் மொழிபெயர்ப்பாளர்களுக்கான கையேட்டில் வைத்திருக்கிறது. வேறு பலரும் இவற்றை ஒட்டியே எழுதுகிறார்கள். ஆனால் தமிழில் எழுதும்போது என் வரிகளில் பாதி சிவப்பாகிவிடுகின்றன, வாசித்துப் பார்த்தால் தாராளமாக நேரம் இருக்கிறது. கணக்கு எங்கே பிசகுகிறது?

குறியன்

அம்மையீர், கணக்கு பிசகுவது எழுத்து என்பதை நிரல் புரிந்துகொள்ளும் விதத்தில்தான். "போகின்றோம்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வாசிப்பவருக்குப் போ, கி, ன், றோ, ம் என்று ஐந்து எழுத்துகள். யூனிகோடுக்கோ பத்து குறிகள், ஏனெனில் ஒவ்வொரு மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. வட்டில் அதே சொல் முப்பது பைட்டுகள். நிரல் பத்து என்று எண்ணி எச்சரிக்கிறது, கண் ஐந்தைத்தான் வாசிக்கிறது. எனவே யூனிகோட் குறிகளை எண்ணும் நிரல்களில் ஆங்கிலத்துக்கான வேக வரம்பைத் தமிழுக்கு அப்படியே வைத்துக்கொள்வது பொருந்தாது.

ஆனால் வரம்பை இரட்டிப்பாக்கிவிடலாம் என்றும் நான் சொல்ல மாட்டேன். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, எழுத்துகள் அகலமானவை. வேகத்துக்குச் சரியாக வரும் வரி திரையின் அகலத்தை மீறிவிடலாம். அகலத்தைத் திரையில் பார்த்தும், வேகத்தைத் தாங்களே வாய்விட்டு வாசித்தும் முடிவு செய்வதுதான் தக்க வழி.

அலைவரிசை

இந்த உரையாடல் முழுவதையும் வாசித்த பிறகு ஒரு மாற்றுக் கருத்தை முன்வைக்கிறேன். இவ்வளவு உழைப்பு இன்னும் தேவையா? 2022 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ நிறுவனம் விஸ்பர் என்ற பேச்சுணர் மாதிரியைத் திறமூலமாக வெளியிட்டது. 6,80,000 மணி நேர ஒலிப்பதிவுகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட அது, தமிழ் உட்படப் பல மொழிப் பேச்சுகளை எழுத்தாக்குகிறது, நேரக்குறிப்புகளோடு எஸ்ஆர்டி கோப்பையும் தருகிறது, இணையத் தொடர்பில்லாமல் நம் கணினியிலேயே ஓடுகிறது. அந்த உரையை ஓர் இயந்திர மொழிபெயர்ப்பியில் கொடுத்தால் தமிழ்ச் சப்டைட்டில் ஒரே நாளில் தயாராகிவிடுமே. பழைய கோப்பைப் பழுது பார்ப்பதைவிடப் புதிதாக உருவாக்குவது எளிது என்ற நிலை வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மொழிவாணி

முதல் பாதியை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். நேரக்குறிப்புகளை முதல் வரைவாகப் பெறுவதற்கு விஸ்பரை நானும் பயன்படுத்துகிறேன். வெறுங்கையால் நேரம் குறித்த காலத்தை நினைத்தால் அது பெரிய விடுதலை. ஆனால் நீண்ட அமைதியும் இசையும் உள்ள இடங்களில், யாரும் பேசாத வாக்கியங்களை அது எழுதிவைத்துவிடும் என்பது பரவலாக அறியப்பட்ட குறை. பேச்சில்லாத காட்சிகளால் நகரும் படங்களுக்கு இது எவ்வளவு கேடு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மேலும் அந்த மாதிரிக்குள்ளேயே இருக்கும் மொழிபெயர்ப்பு வசதி ஆங்கிலத்துக்கு மட்டுமே பெயர்க்கும்.

இரண்டாம் பாதியில்தான் நாம் வேறுபடுகிறோம். ஆங்கில உரையாடலில் முன்னிலைக்கு ஒரே சொல்தான் இருக்கிறது. தமிழில் நீ, நீங்கள் என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். முதன்முதலாகச் சந்திக்கும் இருவர் படத்தின் ஏதோ ஒரு நொடியில் நீங்களிலிருந்து நீக்கு மாறுகிறார்கள். அந்த நொடி எது என்பதை வசனத்தில் தேடினால் கிடைக்காது. நடிகரின் குரலில், நிற்கும் தொலைவில், ஒரு பார்வையில் இருக்கிறது. இயந்திரம் ஒவ்வொரு வரியையும் தனியாகப் பெயர்ப்பதால் ஒரே காட்சிக்குள் ஒருவர் மற்றவரை நீ என்றும் நீங்கள் என்றும் மாறிமாறி அழைப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பார்வையாளருக்கு அது இலக்கணப் பிழையாகத் தோன்றாது, உறவே குழம்பியதாகத் தோன்றும்.

வினைமுற்றுகளும் அப்படித்தான். திரைக்கு வராத ஒரு மருத்துவரைப் பற்றிப் பாத்திரங்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், அவர் ஒரு பெண் என்பது இறுதியில்தான் தெரிய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இடையில் எங்கேனும் "வந்தான்" என்று எழுதிவிட்டால் பார்வையாளரைத் தவறாக வழிநடத்துகிறோம். "வந்தாள்" என்றால் முடிச்சையே அவிழ்த்துவிடுகிறோம். "வந்தார்" என்ற மரியாதைப் பன்மை இங்கே பாலை மறைத்துக் காப்பாற்றுகிறது. முழுப் படத்தையும் பார்த்து முடித்தவருக்கே எந்த வரியிலிருந்து அதைத் தொடங்க வேண்டும் என்று தெரியும்.

சொல்வரிசையையும் பாருங்கள். பேசுபவர் "கொலை செய்தது" என்று சொல்லி நிறுத்தி, ஒரு மூச்சுக்குப் பின் பெயரைச் சொல்கிறார். "அவருடைய தம்பிதான் கொலையாளி" என்று எழுதினால், நடிகர் வாய் திறப்பதற்கு முன்பே பார்வையாளர் பெயரை வாசித்துவிடுவார். "கொலை செய்தது..." என்று ஒரு சப்டைட்டிலும் "அவருடைய தம்பி." என்று அடுத்ததுமாகப் பிரித்தால், இரண்டும் இயல்பான தமிழாகவே இருக்கும், நடிகரின் இடைவெளியும் காக்கப்படும். நண்பர் அலைவரிசை சொல்லும் ஒரு நாளில் இந்த முடிவுகள் எடுக்கப்படுவதில்லை.

அலைவரிசை

தம்பி என்ற எடுத்துக்காட்டு எனக்குப் போதுமானது. வரைவுக்கு இயந்திரம், முடிவுக்கு மனிதர் என்பதை ஏற்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: சப்டைட்டிலே இல்லாத பழைய படங்கள் ஏராளம், அவற்றுக்குக் குறையுள்ள இயந்திர வரைவாவது கிடைப்பது, எதுவும் கிடைக்காமல் இருப்பதைவிட நல்லது. அந்த வரைவு எப்படி உருவானது என்பதைக் கோப்பின் முதல் சில வரிகளில் எழுதிவைத்தால் பார்ப்பவர் ஏமாற மாட்டார்.

செவிநிலா

எனக்குச் செவித்திறன் குறைவு. தமிழ்ப் படங்களையும் சப்டைட்டிலுடன்தான் பார்க்கிறேன். ஆகவே எனக்கு வேண்டியது மொழிபெயர்ப்பு அல்ல, ஒலியின் எழுத்து வடிவம். இந்த இழையில் இதுவரை இது பேசப்படவில்லை என்பதால் எழுதுகிறேன்.

யார் பேசுகிறார் என்பது திரையில் தெரியாதபோது பெயரைக் குறிப்பிட வேண்டும். ஆனால் படம் அந்தப் பெயரை இன்னும் வெளிப்படுத்தவில்லை என்றால் சப்டைட்டிலும் வெளிப்படுத்தக் கூடாது. "ஆண் குரல்" என்று எழுதினால் போதும், கேட்பவர்களுக்கும் அப்போது அவ்வளவுதான் தெரியும். கதைக்குத் தேவையான ஒலிகளைக் குறிக்க வேண்டும், எல்லா ஒலிகளையும் அல்ல. நாற்காலி நகர்வது கண்ணுக்கே தெரிகிறது; திரைக்கு வெளியே கதவு திறப்பதுதான் எனக்குத் தெரியாது.

எழுதுகிறவர்கள் அதிகம் மறப்பது, ஓர் ஒலி நின்றுபோவதை. பின்னணியில் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் சட்டென்று நிற்கிறது, பாத்திரங்கள் அனைவரும் திரும்பிப் பார்க்கிறார்கள். "இயந்திர ஓசை" என்று பத்து நிமிடத்துக்கு முன்னால் எழுதியவர், "ஓசை நிற்கிறது" என்று இங்கே எழுதாவிட்டால் அந்தக் காட்சி எனக்கு விளங்காது. இசைக்கும் இது பொருந்தும். "சோகமான இசை" என்பதைவிட "தனி வயலின், மெதுவாக" என்பது எனக்கு அதிகம் சொல்கிறது. சோகத்தை நானே உணர்ந்துகொள்வேன்.

இணையக் காணொளிகளைப் பற்றியும் ஒரு சொல். யூடியூபில் தானியங்கி வசனவரிகள் 2009இல் அறிமுகமாயின. பார்வையாளர்களே வசனவரிகளை எழுதிச் சேர்க்கும் வசதியும் அங்கே இருந்தது. அது 2020 செப்டம்பர் 28 அன்று நிறுத்தப்பட்டது. இப்போது காணொளியை ஏற்றியவரே கோப்பையும் ஏற்ற வேண்டும். எனவே இங்குள்ளவர்கள் யாரேனும் காணொளி வெளியிட்டால், தானியங்கி உரையைப் பதிவிறக்கி, திருத்தி, மீண்டும் ஏற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன். சில நிமிடக் காணொளிக்கு அது சிறிய வேலை. எனக்கு அது அந்தக் காணொளியைப் பார்ப்பதற்கும் கடந்து போவதற்கும் உள்ள வேறுபாடு.

பனித்திரை

செவிநிலா அவர்கள் எழுதியதை வாசித்த பிறகு, ஒலிக்குறிப்புகள் உள்ள கோப்பிலிருந்து அவற்றை நீக்கும் வசதியை இதுவரை நான் பயன்படுத்திய விதத்தை இனி மாற்றிக்கொள்வேன். மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொண்டே நீக்குவேன். நிழல்வரி சொன்ன இரு புள்ளி முறையில் என் கோப்பும் முழுமையாகப் பொருந்திவிட்டது. கடைசியாக ஒரு கேள்வி: திருத்திய கோப்பைப் படத்தோடு எப்படிச் சேர்த்து வைப்பது? படத்தின்மீதே நிரந்தரமாக அச்சிட்டுவிடலாமா?

நிழல்வரி

படத்தின்மீது அச்சிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காணொளி முழுவதையும் மீண்டும் சுருக்க வேண்டியிருப்பதால் படத்தரம் குறையும். பிறகு ஓர் எழுத்துப் பிழை கண்ணில் பட்டாலும் திருத்த முடியாது. எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ள விரும்புகிறவருக்கும் வழியில்லை. சப்டைட்டிலை ஏற்கவே மறுக்கும் பழைய கருவிகளுக்கு மட்டும் அந்த முறையை ஒதுக்கிவையுங்கள்.

எளிய வழி, படக் கோப்பின் பெயரையே சப்டைட்டிலுக்கும் வைத்து, பின்னொட்டுக்கு முன்னால் ஒரு புள்ளியும் தமிழுக்கான பன்னாட்டு மொழிக்குறியான டி, ஏ என்ற இரண்டு இலத்தீன் எழுத்துகளும் சேர்ப்பது. இரண்டும் ஒரே அடைவில் இருந்தால் பெரும்பாலான பிளேயர்கள் தாமாகவே எடுத்துக்கொள்ளும். செவிநிலா அவர்கள் விவரித்த வகைக் கோப்புக்குப் பெயரில், செவித்திறன் குறைந்தோருக்கான சப்டைட்டிலைக் குறிக்கும் எஸ்டிஎச் என்ற ஆங்கிலச் சுருக்கத்தையும் சேர்த்தால் இரண்டையும் வேறுபடுத்தி வைத்துக்கொள்ளலாம்.

படம் ஒரே கோப்பாகவே இருக்க வேண்டும் என்றால் மட்ரோஸ்கா வடிவத்தைப் பயன்படுத்துங்கள். 2002 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட இந்தத் திறந்த வடிவத்தில் காணொளியையும் ஒலியையும் தொடாமலே எத்தனை சப்டைட்டில்களை வேண்டுமானாலும் உள்ளே வைக்கலாம், பிறகு வெளியே எடுத்துத் திருத்தவும் செய்யலாம். எம்கேவிடூல்நிக்ஸ் என்ற இலவச நிரல் இதைச் சில நொடிகளில் செய்துவிடும், ஏனெனில் அது எதையும் மீண்டும் சுருக்குவதில்லை. ஒவ்வொரு தடத்துக்கும் மொழியைக் குறிக்க மறவாதீர்கள். தமிழ் எழுத்துருவையும் அதே கோப்போடு இணைத்துவைக்க இந்த வடிவம் இடமளிக்கிறது. இணைக்கப்பட்ட எழுத்துருவைப் படிக்கத் தெரிந்த பிளேயர்களில், குறியன் சொன்ன வெற்றுக் கட்டங்கள் தமிழ் எழுத்துரு இல்லாத கணினியிலும் தோன்றாது. பகிர்ந்துகொள்ள அனுமதிக்கும் உரிமத்தில் வெளியான எழுத்துருவாகப் பார்த்து இணையுங்கள். நோட்டோ வரிசையிலுள்ள தமிழ் எழுத்துரு அப்படிப்பட்டது.